பட்டணத்தில் ஜாகை தேடும் நம் ஊராருக்கு

(சங்கரன்கோவிலில் விசைத்தறித் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)

தோழர்களே, தாய்மார்களே, பட்டணம் போகத் துணிமூட்டை கட்டி வைத்திருக்கும் தம்பிகளே!

இன்று கூலி உடன்பாட்டைப் பற்றி நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதைப் பேசுவதற்குத் தோழர்கள் இரண்டு பேர் எனக்குப் பின்னால் காத்திருக்கிறார்கள். எனக்குக் கொடுத்த நேரத்தில் வேறொரு விஷயத்தைப் பேச அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன். சென்னைக்குப் பிழைக்கப் போகிறவர்கள் எந்தப் பக்கத்தில் வீடு பிடிப்பது என்பதுதான் அந்த விஷயம். கட்சிக்காரன் மேடையில் பேசுகிற பேச்சா இது என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிரியுங்கள், தவறில்லை. ஆனால் நம் தெருக்களில் தறிச் சத்தம் குறையக் குறைய, பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறுகிற பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வருவதை நீங்களும் பார்க்கிறீர்கள். ஆடித்தபசுக்கு ஊருக்கு வந்தவர்களிடம் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். சம்பளத்தைப் பற்றி முதலில் பேசியவர்கள் குறைவு. "அண்ணாச்சி, வேலை பார்க்கிறது கூடக் கஷ்டமில்ல, வேலைக்குப் போய்ச் சேர்றதுதான் பெரும்பாடு" என்றுதான் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள்.

நம் ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தூரம் என்றால் என்னவென்று தெரியாது. வீட்டுக்குள்ளேயே தறி இருக்கிறது. இல்லையென்றால் அடுத்த தெருவில் ஷெட் இருக்கிறது. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தால் பத்து எட்டில் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். பிள்ளை அழுதால் தாய் தறியை நிறுத்திவிட்டு எழுந்து பார்க்கலாம். இந்த ஏற்பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் சுரண்டலை நான் மறைக்கவில்லை. மின்சாரம் நின்றால் கூலியும் நின்றது. வீட்டையே தொழிற்கூடமாகக் கொடுத்ததற்கு ஒரு காசு வாடகை கிடையாது. ஆனாலும் ஒன்று உண்மை. பிரயாணம் என்ற செலவு நம் கணக்கில் ஒருநாளும் வந்ததில்லை. அதனால்தான் பட்டணத்தில் வீடு பார்க்கும்போது நம்மவர்கள் வாடகையை மட்டும் பார்த்துவிட்டு முன்பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறார்கள்.

"கூடுவாஞ்சேரியில் வீடு, சென்னைதான்" என்று தரகர் சொல்வார். "தாம்பரத்திலிருந்து பதினைந்தே நிமிஷம்" என்று விளம்பரப் பலகை சொல்லும். எந்த வண்டியில், எந்த நேரத்தில் பதினைந்து நிமிஷம் என்று பலகையிடம் கேட்க முடியாது. நான் நமக்குத் தெரிந்த ஊர்களை வைத்துச் சொல்கிறேன். தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை ஸ்டேஷன் சுமார் 30 கிலோமீட்டர். அதாவது இங்கே குடியிருந்துகொண்டு தினமும் ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போய் வருகிற தூரம். செங்கல்பட்டிலிருந்து கடற்கரை சுமார் 60 கிலோமீட்டர். அது இங்கிருந்து திருநெல்வேலி வரை போகிற தூரத்தைச் சற்றே தாண்டும். தினமும் காலையில் திருநெல்வேலிக்குப் போய், எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, இரவு திரும்பி வா என்று இந்த ஊரில் ஒரு முதலாளி சொன்னால் நாம் சும்மா இருப்போமா? பட்டணத்தில் அதை நாமே முன்பணம் கொடுத்து ஒப்புக்கொள்கிறோம்.

என் சொந்தத் தங்கை வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அவள் அனுமதி கொடுத்த பிறகுதான் சொல்கிறேன். மாப்பிள்ளைக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் வேலை. தங்கைக்குத் தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. மாதம் பதினோராயிரம் ரூபாய் வாங்கினாள். பழவந்தாங்கலில் ஒற்றை அறையும் அடுப்படியும் உள்ள வீடு, வாடகை 8,500. மாப்பிள்ளை அரை மணியில் பட்டறையில் நிற்பார். கொரோனா ஊரடங்கில் கடன் ஏறியது. 2021ல், வாடகையைக் குறைத்தால்தான் கடன் அடையும் என்று முடிவு செய்து, கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே 5,000 ரூபாய்க்கு வீடு பிடித்தார்கள். இரண்டு அறை, காற்றோட்டம், வாசலில் வேப்பமரம். நான் போய்ப் பார்த்தேன். "நல்ல வீடு அம்மா" என்று நானே சொல்லிவிட்டு வந்தேன். நானும் அப்போது கணக்குப் பார்க்கவில்லை.

மாதம் 3,500 ரூபாய் மிச்சம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஷேர் ஆட்டோ போக இருபது, வர இருபது. இருவருக்கும் 26 நாளைக்கு 2,080 ரூபாய் போயிற்று. இரவு ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோ ஓடாது. ஓவர்டைம் பார்த்துவிட்டு வருகிற மாப்பிள்ளை இருட்டில் நாலு கிலோமீட்டர் நடந்தார். ஆறு மாதம் நடந்து பார்த்துவிட்டுத் தவணையில் ஒரு பைக் வாங்கினார். தவணை 3,100 ரூபாய், பெட்ரோல் தனி. வாடகையில் மிச்சம் பிடித்தது அத்தனையும் அந்த இரண்டு சக்கரத்தில் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

பணத்தோடு நின்றிருந்தால் நான் இதை மேடையில் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. முன்பு அரை மணி, அரை மணி. தினமும் இரண்டு மணி நேரம் கூடுதல். மாதம் 26 நாளைக்கு 52 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு வேலை நாள் என்று வைத்தால் ஆறரை நாள்! மாதத்தில் ஆறரை நாள் அவர் கூலியில்லாமல் ரயிலுக்கும் ஆட்டோவுக்கும் வேலை பார்த்திருக்கிறார். தங்கைக்குக் கம்பெனி விடுவது மாலை ஆறு மணி. வீடு வந்து சேர எட்டேகால் ஆகும். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் எட்டேகால் வரை பக்கத்து வீட்டுத் திண்ணையில் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒருநாள் காய்ச்சலோடு அப்படியே தூங்கிக் கிடந்தான். அடுத்த மாதம் அவள் வேலையை விட்டுவிட்டாள். 3,500 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் 11,000 ரூபாய்ச் சம்பளம் போயிற்று. அது போனதோடு, சொந்தக் கையில் சம்பளம் வாங்கி வீட்டில் தலை நிமிர்ந்து பேசிய பெண், பஸ் காசுக்கும் கை நீட்டுகிற நிலைக்கு வந்தாள். அவள் அதைச் சொல்லி அழவில்லை; நான் கேட்டபோது பேச்சை மாற்றினாள். இரண்டு வருஷம் இப்படிக் கழிந்தது.

தோழர்களே, எட்டு மணி நேர வேலை என்பது நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. 1923ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவிலேயே முதல் மே தினத்தைக் கொண்டாடியது உங்களுக்குத் தெரிந்த சரித்திரம். சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில், ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒரே குரலில் எதிர்த்தன. மே தினத்தன்று அதை வாபஸ் பெறுவதாகச் சர்க்கார் அறிவித்தது. அவ்வளவு பாடுபட்டு விரட்டிய 12 மணி நேரத்தைத் தூரத்து வீட்டின் வழியாக நாமே உள்ளே அழைத்து வரக் கூடாது. எட்டு மணி வேலை, அரை மணி சாப்பாடு, மூன்று மணி பிரயாணம், ரயில் தவறினால் இன்னும் அரை மணி. கூட்டிப் பாருங்கள், சரியாகப் பன்னிரண்டு வருகிறது.

தொழிலாளி ஏன் ஊருக்கு வெளியே போய்க் குடியிருக்க வேண்டி வருகிறது? இது சென்னைக்கு மட்டும் உள்ள வியாதியல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் ரயில் பாதை போடவும் ஸ்டேஷன் கட்டவும் தொழிலாளர் தெருக்களை இடித்துத் தள்ளினார்கள். பிறகு 1883ல் மலிவுக் கட்டண ரயில் சட்டம் என்று ஒன்று கொண்டு வந்து, விடியற்காலையில் தொழிலாளருக்கென்று குறைந்த கட்டண வண்டிகளை ஓட்டும்படி ரயில்வே கம்பெனிகளை நிர்ப்பந்தித்தார்கள். வால்தம்ஸ்டோ, எட்மன்டன் போன்ற புறநகர்கள் அந்த மலிவு டிக்கெட்டின் மேல்தான் வளர்ந்தன. அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே, 1872ல், எங்கெல்ஸ் குடியிருப்புப் பிரச்னை பற்றிக் கட்டுரைகள் எழுதினார். ஏழைகளின் குடிசைகளை முதலாளித்துவம் ஒழிப்பதில்லை, இடம் மாற்றி வைக்கிறது என்பது அவர் காட்டிய உண்மை. சென்னையில் 2000ஆம் ஆண்டு முதல் கூவம், அடையாற்றங்கரைகளில் இருந்த ஜனங்களைக் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் அடுக்குமாடிகளில் வைத்தார்கள். கல் வீடு கிடைத்தது. அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துச் சம்பாதித்த பெண்கள், பஸ்ஸில் போய் வர முடியாமல் அந்த வேலைகளை இழந்தார்கள். என் தங்கைக்கு நடந்ததும் அங்கே ஆயிரக்கணக்கான பெண்களுக்கு நடந்ததும் ஒன்றேதான். அவர்களைச் சர்க்கார் கொண்டுபோய் விட்டது. என் தங்கை தானாகப் போனாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, எங்கேதான் வீடு பார்ப்பது? முதலில் வேலை எந்தப் பக்கம் என்று பாருங்கள். சென்னைக்குத் தெற்கே கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931ல் மின்சார ரயில் வந்தது. அந்த ரயில்தான் மாம்பலத்தையும் பல்லாவரத்தையும் தாம்பரத்தையும் குடியிருப்புகளாக்கியது. ஜீவா தாம்பரத்தில்தான் குடிசையில் வாழ்ந்தார் என்பது பழைய தோழர்களுக்கு நினைவிருக்கும். இந்தப் பாதையில் தாம்பரம் வரைக்கும் வண்டிகள் அடுத்தடுத்து உண்டு. தாம்பரத்தைத் தாண்டினால் வண்டிகள் குறைந்து விடுகின்றன. இதை வீடு காட்டுகிற தரகர் சொல்ல மாட்டார். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஒவ்வொரு ஸ்டேஷன் தள்ளிப் போகும்போதும் வாடகை இறங்கும். ஒரு வண்டியை விட்டுவிட்டால் நிற்கிற நேரம் ஏறும். மேற்கே சென்ட்ரலிலிருந்து பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் என்று இன்னொரு பாதை போகிறது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் அந்தப் பக்கம். அம்பத்தூரில் வேலை கிடைத்தவன், சித்தப்பா இருக்கிறார் என்று தாம்பரத்தில் போய் வீடு பிடித்தால், நகரத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தினமும் இரண்டு முறை போக வேண்டும். சொந்தக்காரர் பக்கத்தில் இருப்பது நல்லதுதான். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம் எனக்குத் தோன்றுவது. வீட்டை ஒரு கம்பெனியின் வாசலை நம்பிப் பிடிக்காதீர்கள், ரயில் பாதையை நம்பிப் பிடியுங்கள். மறைமலைநகரில் ஃபோர்டு கார் தொழிற்சாலை இருந்தது. நிரந்தர வேலை என்று நினைத்துப் பல குடும்பங்கள் பக்கத்திலேயே கடன் வாங்கி வீடு கட்டின. 2021 செப்டம்பரில் மூடப் போவதாக அறிவித்து, 2022ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014ல் மூடியது. மறைமலைநகரில் வீடு வைத்திருந்தவருக்காவது ரயில் இருந்தது. வேறு வேலை தேடிப் போக வழி இருந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் மின்சார ரயிலே கிடையாது. கம்பெனி பஸ் நின்ற நாளோடு வழியும் நின்றுவிடும்.

அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற நம் பெண்பிள்ளைகளுக்கு விடுதிகள் உண்டு. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். தனியாகப் போகிற பெண் முன்பின் தெரியாத இடத்தில் அறை எடுப்பதை விட இது மேல் என்றுதான் தாய்மார்களுக்குச் சொல்வேன். ஆனால் தங்குமிடமும் வேலையும் ஒரே கையில் இருந்தால், வேலையில் வாய் திறந்து பேசுவது கடினம். அதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்த பிறகு வீட்டைத் தேடும்போது, ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் தேடுங்கள். இருபது நிமிஷ நடை, அதற்கு மேல் வேண்டாம். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் பத்து ரூபாய் டிக்கெட். மாத சீசன் எடுத்தால் இன்னும் மலிவு. அந்த 30 கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய், ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகிற நாலு கிலோமீட்டருக்கு இருபது ரூபாய்! நம் பணம் கரைகிற இடம் இந்தக் கடைசி நாலு கிலோமீட்டர்தான். பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை. அந்தப் பஸ் எந்தத் தெரு முனை வரை வருகிறது, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்கப் போகிற வீட்டை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ப் பார்க்காதீர்கள். வேலை நாளில் காலை ஏழரைக்கு அந்த வாசலில் நின்று, வேலை இடம் வரைக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பிறகு இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா, ஒரு பெண் தனியாக நடந்து வர முடியுமா என்று தெரிந்துவிடும். ரயிலில் கூட்டம் அதிகம் என்று தம்பிகள் படியில் தொங்குவீர்கள். 2018 ஜூலையில் பரங்கிமலை ஸ்டேஷனில் அப்படித் தொங்கி வந்த வாலிபர்கள் பக்கச் சுவரில் அடிபட்டு மாண்டார்கள். அடுத்த வண்டிக்கு நில்லுங்கள். அரை நாள் சம்பளத்தை வெட்டுகிறவனிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அடுத்து தண்ணீர். குளத்தையும் கண்மாயையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் பட்டணத்தில் நாம் அதை மறந்து விடுகிறோம். குளம் நிறைந்தால் மிஞ்சின தண்ணீர் மறுகால் பாயும். மறுகால் பாயும் வழியில் நம் ஊரில் எவனாவது வீடு கட்டுவானா? செங்கல்பட்டுப் பக்கத்தில் மறுகாலைக் கலங்கல் என்பார்கள். பெயர்தான் வேறு, தண்ணீர் ஒன்றுதான். அந்த ஜில்லா முழுக்க ஏரிகள். மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரித் தண்ணீர் சேர்ந்துதான் அடையாறு ஆகிறது. 2015 டிசம்பரில் அது பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. ஜனங்களைப் படகில் ஏற்றிக் கொண்டு வந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள் கணக்கில் தண்ணீரில் நின்றன. பள்ளிக்கரணை ஒரு பெரும் சதுப்பு நிலம். அதன் பெரும்பகுதியைக் குப்பை கொட்டியும் கட்டடம் கட்டியும் தூர்த்துவிட்டு, மிஞ்சிய துண்டை 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்த்துச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்தது என்று அறிவித்தார்கள். அதே டிசம்பரில் பதினைந்து நாள் கழித்து நம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் பட்ட பாட்டைப் பார்த்த நீங்கள், வீட்டுக்காரரிடம் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்: 2015ல் தண்ணீர் எதுவரை வந்தது? அவர் "வரவே இல்லை" என்பார். எதிர்த்த பெட்டிக்கடை ஆச்சியிடம் கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவாள்.

மழைக்காலத்தில் மூழ்குகிற அதே தெருவில் சித்திரை மாதம் குடிக்கத் தண்ணீர் இருக்காது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். புறநகரில் பல இடங்களில் குழாய்த் தண்ணீர் இன்னும் சரியாக எட்டவில்லை. ஆழ்துளைக் கிணறு, லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் என்றுதான் ஓட்டம். கேன் தண்ணீருக்கு ஒரு குடும்பம் மாதம் எத்தனை ரூபாய் கொடுக்கிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டு, அதை வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள். சின்ன விஷயம் என்று விடாதீர்கள்.

முன்பணம் பற்றி ஒரு வார்த்தை. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் பழக்கம். 2017ல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் என்கிறது. ஆனால் இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அது செல்லும் என்று ஒரு பின்வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. யாருக்காகத் திறந்தது என்று உங்களுக்கே தெரியும். ஆகையால் பேசிக் குறையுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். கொடுத்த பணத்தை அதில் குறிப்பிடச் சொல்லுங்கள். போனில் பணம் அனுப்பினால் ரசீதாக அது நிற்கும். என் தங்கை கூடுவாஞ்சேரி வீட்டைக் காலி செய்தபோது, சுவருக்கு வெள்ளையடிக்க என்று சொல்லி ஒன்றரை மாத வாடகையை அந்த வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். கையில் எழுத்து இல்லை, வாதாட முடியவில்லை.

"எந்த ஊர்? என்ன ஆளுக?" என்றும் கேட்பார்கள். பட்டணத்தில் ஜாதி இல்லை என்று ஒருவர் சொன்னால், அவர் அங்கே வீடு தேடியதில்லை என்று அர்த்தம். தலித் தோழர்களும் முஸ்லிம் தோழர்களும் வீட்டைப் பார்த்து, வாடகை பேசி, பெயரைச் சொன்னதும் "ஏற்கெனவே ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அதற்காக அவர்கள் இன்னும் இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் போகிறார்கள். இன்னும் ஒரு மணி நேரத்தைக் கொடுக்கிறார்கள். இந்த அநியாயத்தை ஒரு தனி மனிதர் வாசற்படியில் நின்று தீர்க்க முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம். அங்கே ஏற்கெனவே குடியிருக்கிற நம் ஊர்க்காரர், காலி வீடு தெரிந்தால் யாராயிருந்தாலும் கூடப் போய்ப் பக்கத்தில் நின்று பேச வேண்டும். ஊர்ப் பாசம் என்பதை இதில் காட்டுங்கள்.

இடம் வாங்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் அதற்குக் காசு உள்ளவர்கள் கொஞ்சம். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டதும், எத்தனை குடும்பங்களின் சேமிப்பு அந்த மனைகளில் முடங்கிக் கிடந்தது என்பது தெரிய வந்தது. அடுத்த வருஷம் வரன்முறைத் திட்டம் கொண்டு வந்தார்கள். அதற்கும் கட்டணம் நாம்தான் கட்டினோம். பட்டா, வில்லங்கச் சான்று, அங்கீகார எண் மூன்றையும் வக்கீலிடம் காட்டாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மனைக்கு இலவசமாக வேன் வைத்துக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டால், அந்தச் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் விலை.

"இத்தனையும் பார்த்தால் நாங்கள் வீடே பிடிக்க முடியாது அண்ணாச்சி" என்று பின்னால் ஒரு தம்பி முணுமுணுப்பது காதில் விழுகிறது. நியாயம்தான். எல்லாம் பொருந்திய வீடு நம் சம்பளத்துக்குக் கிடைக்காது. ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்பதில்தான் யோசனை வேண்டும். அறை சின்னதாயிருக்கட்டும், இரண்டாவது மாடியாயிருக்கட்டும், வேப்பமரம் இல்லாமல் போகட்டும். மனைவியின் வேலையை விட்டுக்கொடுத்து வீடு பிடிக்காதீர்கள். பிள்ளையின் தூக்கத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். 2023 கடைசியில் கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறந்தது. நம் ஊர்ப் பஸ்கள் அங்கேயே நிற்பதால், இனி அந்தப் பக்கமே குடியிருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வருஷத்துக்கு நாலு தடவை ஊருக்குப் போகிற சௌகரியத்தை வைத்து, வருஷத்துக்கு முன்னூறு நாள் வேலைக்குப் போகிற வழியைத் தீர்மானிக்காதீர்கள். நடக்கிற தூரத்தில் ரயிலும், அந்த ரயிலில் அரை மணி தூரத்தில் வேலையும் இருந்தால் ஊரப்பாக்கமும் நல்ல இடம்தான். மறைமலைநகரில் வேலை பார்க்கிறவனுக்கு அது மாம்பலத்தை விட உசத்தி.

என் தங்கை குடும்பம் 2023ல் குரோம்பேட்டைக்கு மாறியது. வாடகை 8,000, மாடியில் ஒற்றை அறை, தகரம் போட்ட அடுப்படி. கோடையில் உள்ளே உட்கார முடியாது என்கிறாள். மாப்பிள்ளை நாற்பது நிமிஷத்தில் பட்டறைக்குப் போகிறார். பழைய கம்பெனியில் அவளைத் திரும்ப எடுக்கவில்லை. வேறொரு கம்பெனியில் 9,500க்குப் புதிய ஆளாகச் சேர்ந்திருக்கிறாள். ஆறு மணிக்கு வேலை விட்டால் ஆறே முக்காலுக்குப் பையன் அவள் பக்கத்தில் இருக்கிறான். போய்விட்ட இரண்டு வருஷச் சர்வீஸை அவளுக்கு யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் சென்னைக்குக் கிளம்புகிற தம்பிகள் மூன்று பேரும், புளியங்குடி ரோட்டிலிருந்து வந்திருக்கிற புதுமணத் தம்பதியும் கூட்டம் முடிந்ததும் போய்விட வேண்டாம். வேலை எந்த இடம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பல்லாவரத்திலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் இருக்கிற நம் தோழர்களுக்கு இன்றிரவே போன் செய்கிறேன். காலை ஏழரைக்கு உங்களோடு அந்தத் தெருவில் வந்து நிற்க ஆள் இருக்கிறது. இப்போது கூலி உடன்பாட்டைப் பற்றித் தோழர் பேசுவார்.